ஏழுக்குள் அடங்காத வலி

தையல் பிரித்த கை பார்வைக்கு ஆறிய கைதான். ஆயினும் சட்டைக்கை உரசினாலே எரிகிறது. ஆனேக்கல் போன்ற எல்லையூரில், தமிழில் நோகும் ஒருவர் அதைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லியாக வேண்டும். கேட்கப்படுவதோ பெரும்பாலும் சுழியம் முதல் பத்துக்குள் ஓர் எண். 'ஏழு' என்பதில் எரிச்சலும் இல்லை, மதமதப்பும் இல்லை.

1975-இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. வலியின் அளவைப் போலவே அதன் தன்மையும் நோயறிதலுக்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. எரிச்சல், மின்னதிர்வு, மரத்துப்போதல் ஆகியவை நரம்பைச் சுட்டுவன. வழக்கமான வலிமாத்திரைக்கு அவை எளிதில் அடங்குவதில்லை. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் முதலிய மருந்துகள் இதனாலேயே எழுதப்படுகின்றன.

தமிழிலோ கை திகுதிகுவென எரியும், மதமதவென மரக்கும், குறுகுறுவென ஊரும். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்கிறது தொல்காப்பியம். உடன்வந்து மொழிபெயர்க்கும் மகளோ, அவை அனைத்தையும் 'நோவு' என்ற ஒற்றைச் சொல்லாக்கிவிடுகிறாள். அவளைக் குறைசொல்ல இயலாது, கூட்டம் காத்திருக்கிறது.

வெட்டுண்ட நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும். அதுவரை பஞ்சு, துணி, அரிசி எனக் கையைத் தொடுகைக்குப் பழக்கும் பயிற்சி தொடர்கிறது. அரிசிக்குள் விட்ட விரல்களில் 'திகுதிகு' எந்த வாரம் 'குறுகுறு' ஆனது என்பதே சிகிச்சையாளர் கேட்டறிய வேண்டியது.