புழுங்கல் சைக்கிள்

மாயவரத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் குத்தாலம். இங்கே சிவன் பெயர் ‘சொன்னவாறு அறிவார்’. வெல்டிங் பட்டறைக்காரரோ அறிந்தவாறு சொல்பவர்!

கியர் சைக்கிளின் அலுமினிய ஃபிரேமில், ஹேண்டில்பாருக்குக் கீழே விரிசல். கொண்டுவந்த காலேஜ் பையனிடம் சொன்னார்: “பத்த வெச்சுடலாம் தம்பி. ஆனா மேல ஏறி உக்காந்துடாதீங்க!”

ஜோக் இல்லை சார். இரும்பு, சூடு ஏற ஏறச் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் கமுக்கப் பேர்வழி. சிவக்காமலே 660 டிகிரிக்குள் உருகிவிடும். பக்குவமாக ஒட்டினாலும், ஒட்டைச் சுற்றிப் பலம் கிட்டத்தட்ட பாதி போச்சு. வேகமாகப் போகையில் அங்கே முறிந்தால்... முகவாய்க்கட்டை தார் ரோட்டில்!

போன பலம் முதலில் எப்படி வந்தது? நம்ம டெல்டா நெல் மாதிரிதான். ஊறப்போட்டு, அவித்து, காயவைத்தால் மில்லில் அவ்வளவாக நொறுங்காது. 6061 என்கிற கலவையில் செய்த ஃபிரேமையும், வெல்டிங் முடிந்தபின் சுமார் 530 டிகிரி உலையில் வைத்து, சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். அப்போது இளகலாக இருக்கும். கோணல் இருந்தால் உடனே நிமிர்த்தியாக வேண்டும். பிறகு 175 டிகிரியில் சுமார் எட்டு மணி நேரம். பெயின்ட் பூச்செல்லாம் அப்புறம்தான். இந்த உலைக்குப் பட்டறைக்காரர் எங்கே போவார்?

அலுமினியக் கலவை இப்படித் தானாக இறுகும் சங்கதியை 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்தார். சோதனையைப் பாதியில் விட்டு வார லீவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், உலோகம் இறுகியிருந்ததாம். லீவு தராத மானேஜர்கள் கவனிக்க!