அளக்கும் கண்ணையும் அளக்க வேண்டும்

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நம் பங்குக்கோயிலுக்கு நன்செய் ஒன்று உண்டு. புது ஆறு என மக்கள் வழங்கும் கல்லணைக் கால்வாயின் பாசனம். வயலை மட்டப்படுத்தக் கோடையில் குத்தகைப் பெரியவரிடம் பணம் கொடுத்திருந்தோம். பின்னர்ப் பங்கு இளைஞர் ஒருவர் டிரோன் பறக்கவிட்டுப் படங்கள் எடுத்து, அவற்றை இணைத்து மேடுபள்ளம் காட்டும் வரைபடம் தந்தார். அதில் வயலின் நடுப்பகுதி மேடாய்த் தெரிந்தது. கோயில் முற்றத்தில் பலர் முன்னிலையில் பெரியவரைக் கடிந்துகொண்டோம்.

"சாமி, மடையைத் திறந்தால் தண்ணீர் நிரவி நிற்கிறதே! தண்ணீர் பொய் சொல்லுமா?" என்று மட்டும் கூறி அவர் போய்விட்டார்.

அச்சொல் இளைஞரை உறுத்தியது. காமிராவின் வில்லை நேர்கோட்டைச் சற்றே வளைத்துக் காட்டும் இயல்புடையது. ஓரம் செல்லச் செல்ல வளைவு மிகும். தனிப் படத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. நேர் கீழ்நோக்கி எடுத்த பல படங்களை இணைக்கையிலோ, அச்சிறு பிழைகள் கூடித் தட்டை நிலத்தையும் குவிந்த மேடாக்கிவிடும். அவர் சதுரங்கக் கட்டங்கள் அச்சிட்ட பலகையைப் பல கோணங்களில் படமெடுத்தார். கட்டங்களின் கோடுகள் நேரானவை, அளவும் தெரிந்தவை. ஆகவே படத்தில் அவை வளைந்த விதமே வில்லையின் குறையைக் காட்டிக்கொடுத்தது. அதைக் கணக்கிட்டுத் திருத்தி, வயலில் சில இடங்களில் மட்டமும் பிடித்து, மீண்டும் வரைந்தார். மேடு மறைந்துவிட்டது.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. நம் தஞ்சையில் 1808-இல் நடந்ததொன்று நினைவில் வந்தது. நில அளவைக்காக வில்லியம் லாம்டன் தமது பெரிய தியோடலைட்டைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றுகையில், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிற்று. அதன் வட்டம் நெளிந்தது. அவர் அதைக் கைவிடவில்லை. சரியான வட்டத்தைப் பலகையில் அமைத்து, நெளிந்ததை அதற்கு இசைய ஆறு வாரம் சிறிது சிறிதாய் இழுத்துச் சீராக்கினார்.

கருவியின் கோணலைக் கருவியே சொல்லாது. கோணலற்ற ஒன்றன்முன் அதை நிறுத்த வேண்டும். நாமோ, "குத்தகைக்காரர் ஏய்ப்பார்" என்று முன்பே மனத்தில் கொண்டிருந்தோம். வரைபடத்தை உடனே நம்பியதற்கும், பெரியவரை நம்பாததற்கும் அதுவே காரணம். வில்லையின் குறையை இளைஞர் கண்டுபிடித்தார். நம் குறையைப் பாடுபட்ட சுரூபத்தின்முன் முழந்தாளிட்டபோதே கண்டோம்.

கடிந்தது பலர் முன்னிலையில். ஆகவே மன்னிப்பையும் ஞாயிறு பூசைக்குப்பின் அதே முற்றத்தில் கேட்டோம். "விடுங்கள் சாமி, நாற்றுப் பறிக்க ஆள் வந்திருக்கிறது" என்று பெரியவர் விடைபெற்றார்.

அன்புக் குடும்பத்தாரே, இரவுச் செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்போது, இன்று யாரைப்பற்றி என்ன நினைத்தோம் என்பதோடு, எந்தக் கண்ணால் பார்த்தோம் என்பதையும் ஆண்டவர் திருமுன் கேட்டுக்கொள்வோம்.