துணிக்கு அடியில் வைக்கும் துணி

2010இல் மெனிக் பாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பியபோது, என் துணிமூட்டைக்குள் மகனின் பள்ளிக்கூடச் சேட் ஒன்றும் இருந்தது. மகன் வரவில்லை. கனகாலம் அதை மடித்தே வைத்திருந்தேன். மகளுக்குக் கலியாணம் பேசிய பிறகுதான், அந்தச் சேட்டையும் என் பழைய சேலைகளையும் சதுரங்களாக வெட்டி, மெசினில் பூவேலை செய்து, ஒட்டுப்போர்வை ஒன்று தைக்க நினைத்தேன்.

சேட்டின் கிழியாத பகுதியில் இரண்டு சதுரங்கள்தான் வந்தன. முதலாவதை வளையத்தில் பூட்டி, அடியில் ஒன்றும் வைக்காமல் தைத்தேன். நூல் இழுத்துப் பூவைச் சுற்றித் துணி சுருங்கிவிட்டது. பிரித்தேன், ஊசித்துளைகள் நின்றன. அந்தத் துணியை எந்தக் கடையில் போய் வாங்குவது?

சகோதரிகளே, பூவேலைக்கு அடித்தாங்கல் அவசியம். அது முக்கியமாக மூன்று வகை. தைத்தபின் கிழித்தெடுக்கும் தாள் ஒன்று. ஓரத்தை வெட்டிவிட்டு, தையலுக்குப் பின்னால் நிரந்தரமாக விடுவது இரண்டாவது. நீரில் கரைந்துபோவது மூன்றாவது.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் மெல்லிய கொடி, எழுத்து தைப்பதற்குக் கிழிக்கும் தாள் போதும். போர்வைக்கு மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு உண்டு. அடித்தாங்கலும் தடித்தால் போர்வை விறைத்துவிடும். இதழ்களை நூலால் நிரப்பும் பூவுக்கும், இழுபடும் ரீசேட் துணிக்கும் வெட்டும் வகைதான் நல்லது. மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். கரையும் வகை துவாய் போன்ற மயிர்த்துணிக்கும் சல்லடைத் துணிக்கும் உகந்தது. தாள் கிடைக்காவிட்டால் அச்சடிக்காத வெறுந்தாள் வைக்கலாம். அச்சுத்தாளின் மை துணியில் ஒட்டும்.

நைந்த துணிக்கு முதலில் மெல்லிய பசைக் கன்வஸ் ஒட்டவேண்டும். பசைப்பக்கம் துணியின் பின்பக்கத்தில் படவேண்டும். அயன்பெட்டியை இழுக்காமல், அழுத்தி எடுங்கள். அடித்தாங்கல் வளையத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். 8 அங்குலச் சதுரம் தேவையென்றால் 10 அங்குலத்துக்கு வெட்டி, பூவேலை முடிந்தபின் அளவுக்கு நறுக்குங்கள்.

சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியின் மேல் பழந்துணிகளைத் தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். அந்த வேலைக்கு 'அர்ப்பில்லேரா' என்று பெயர். அது அடியில் கிடந்த சாக்குத்துணியின் பெயர்.

பழுதான சதுரத்தை நான் எறியவில்லை. பின்னால் கன்வஸ் ஒட்டி, தாளும் வைத்து, துளைகளை மூடுமளவுக்குப் பெரிய செவ்வரத்தம் பூ ஒன்று தைத்தேன். இந்தமுறை சுருங்கவில்லை. போர்வை இப்போது மகள் வீட்டில் இருக்கிறது.

நீங்களும் தைக்கத் தொடங்கினால், முதலில் கழிவுத்துண்டொன்றில் தைத்துப் பாருங்கள். திரும்ப வாங்கமுடியாத துணியைக் கடைசியாக எடுங்கள்.