சயனைடு மேட்டில் செல்போனோடு நிற்பவர்களுக்கு

கோடை மழைக்கு முன்னால் காற்று கிளம்பினால் எங்கள் கோலார் தங்கவயலில் முதலில் எழுவது சயனைடு மேட்டுப் புழுதி. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கல்மாவு அது. பின்னாலேயே கருமேகம், மின்னல். அதோடு, சினிமாவில் வந்த மேடு இது. மின்னலைப் படம் எடுக்கப் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு உச்சிக்கே ஓடுகிறார்கள்.

தயவுசெய்து ஓடாதீர்கள். 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரில், ஆமேர் கோட்டை அருகே காவல்கோபுரத்தில் மழை பார்த்துக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் இருந்தவர்கள் மேல் மின்னல் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். செல்போன் மின்னலை இழுப்பதில்லை. உயரமான திறந்த இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. நம் மேட்டில் ஒதுங்க ஒரு கூரை உண்டா? இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், மேடு அப்படியே நிற்கிறது. காற்றடித்தால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சோற்றுப்பானை வரை அந்த மண் படிகிறது. சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று இதைச் சுவாசிக்கிறார்கள். அந்தப் புழுதியைப் படம் எடுங்கள். வீட்டுக்குள் நின்று, ஜன்னல் வழியாக, தேதியும் நேரமும் தெருப்பெயரும் சொல்லி எடுங்கள். மின்னல் வீடியோவைப் பகிர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புழுதி வீடியோ நகராட்சிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போக வேண்டும். எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.