நுவரெலியாவிற் கண்ட கோல்ப் பைகள்

நுவரெலியாவுக்குச் செல்லும் நம்மவர் விக்டோரியாப் பூங்காவையும் கிறகரி வாவியையும் கண்டு, கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நகரின் நடுவே பசுமைக் கம்பளமென விரிந்துகிடக்கும் கோல்ப் மைதானத்தைத் தெருவில் நின்று நோக்குவதன்றி, அங்கு நிகழ்வது யாதென அறிய முற்படுவோர் சிலரே. 1885 ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. நான்கு ஆண்டுகளின் பின், 1889 இல், இங்கு கோல்ப் கழகம் தோன்றியது. கொழும்பிலுள்ள றோயல் கொழும்பு கோல்ப் கழகம் இதற்குப் பத்தாண்டுகள் மூத்தது.

சென்ற விடுமுறையிற் சில தினங்கள் அங்கு தங்க வாய்த்தபோது, ஆட்டத்தினும் பார்க்க ஆட்டக்காரரின் பைகளே என் கருத்தைக் கவர்ந்தன. பையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதனைச் சுமப்பவர் பின்னே சிறிது தூரம் நடந்தால் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே கோல்ப் விளையாட்டுக்குப் பையே கிடையாது. சுமப்பவர் மட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பை வந்ததும் ஆசையும் வளர்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட மட்டைகளைத் திணித்துக்கொண்டு வந்தோரும் உளர். ஈற்றில், ஒருவருக்கு 14 மட்டைகளே என்னும் வரம்பை அமெரிக்கர் 1938 இலும், ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் கழகத்தார் 1939 இலும் விதித்தனர். அவ்விதி இன்றும் நிலைத்துள்ளது.

பதினான்கு மட்டைகளும் சேர்ந்து ஏறக்குறைய 5½ கிலோ நிறுக்கும். அதனைக் குறைக்க வழியில்லை. பையின் பாரமோ நம் தெரிவில் உள்ளது. தொழில்முறை ஆட்டக்காரர் வைத்திருக்கும் பெரும் பை, பார்வைக்கு மிக எடுப்பானது. ஆனால் வெறுமையாகவே 4½ முதல் 5 கிலோ வரை இருக்கும். பந்துகள், குடை, மழையங்கி, தண்ணீர்ப் போத்தல் யாவும் சேர 12 கிலோவைத் தொடும். இரு கால்கள் பொருத்திய நிற்கும் பையோ 2 அல்லது 2½ கிலோவுக்குள் அடங்கும். நிலத்தில் வைத்துச் சற்றுச் சாய்த்தவுடன் கால்கள் விரிந்து தாங்கிக்கொள்ளும்; ஒவ்வோர் அடிக்கும் குனிந்து தூக்கவேண்டியதில்லை. இரு தோள்களிலும் மாட்டும் பட்டிகள் இருப்பதனால் பாரமும் பகிரப்படும்.

இரண்டு மூன்று கிலோ ஒரு பொருட்டா எனின், 18 குழிகளையும் சுற்றிவர ஐந்து மைலுக்குக் குறையாத நடையுண்டு. அதுவும் கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே, ஏற்றமும் இறக்கமுமான நிலத்தில்! அங்கே ‘கெடி’ எனப்படும் பை சுமக்கும் தொழிலாளர் ஒருவரோடு தமிழிலே உரையாடினேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

“பெரிய பையைக் கொண்டாந்து, அதுக்குள்ள பாதிய வெறுமையா வச்சிருப்பாங்க ஐயா. பை அவங்களுக்கு அழகு, தோள்பட்டை நம்மளுது” என்றார்.

குறைகூறும் தொனியே அவர் பேச்சில் இல்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

வண்டிக்கென அமைந்த பை வேறொரு வகை. அதன் அடி அகன்றது. வண்டியிற் கட்டிய பின்னரும் திறக்கத்தக்கதாக அறைகள் யாவும் முன்பக்கம் நோக்கியிருக்கும். தோளில் மாட்டினாலோ முதுகில் இடிக்கும். நடந்தே ஆடுவோர் இதனை வாங்குதல் வீண்.

மலைநாட்டு மழையையும் மறத்தலாகாது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மட்டையின் பிடி நனைந்தால் கை வழுக்கும். ஆகவே துணியின் தரத்தோடு, தையலும் ‘சிப்’பும் நீரைத் தடுக்கின்றனவா, வாயை மூடும் மேலுறை உண்டா என்பன பார்க்கவேண்டியவை. நிறம் பற்றி நான் யாதும் சொல்லேன்.

உள்ளே மட்டைக்கொன்றாகப் பதினான்கு அறைகள் வேண்டுமா, நான்கு போதுமா என்பதிற் கருத்து வேறுபாடுண்டு. அறை மிகுந்தால் பாரமும் சிறிது மிகும். எண்ணுவது மாத்திரம் எளிது. 2001 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஓப்பன் போட்டியின் இறுதி நாளில், இயன் வூஸ்னம் இரண்டாம் குழிக்கு வந்தபோதே தம் பையில் 15 மட்டைகள் இருப்பதை அறிந்தார். இரண்டு அடிகள் தண்டமாயின. முதற் குழியிற் பெற்ற நன்மை அத்தோடு போயிற்று.

பழகத் தொடங்கும் மாணவருக்கு ஆறேழு மட்டைகள் கொள்ளும் ஒடுங்கிய பையே போதும். வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சித்தப்பாவோ பை அனுப்ப முன்வந்தால், ‘பெரிதாக வேண்டாம், தோளிற் சுமப்பதற்கானது’ என்று எழுதிவிடுங்கள். கடையில் வாங்குவதாயின் வெறும் பையைத் தூக்கிப் பார்த்து மயங்கவேண்டாம். மட்டைகளை உள்ளே இட்டு, பட்டியை உயரத்துக்கேற்ப இறுக்கி, கடை வாசல்வரை நடந்து பாருங்கள். பழைய பையெனின் கால்களைப் பத்துத் தடவையேனும் விரித்து மடக்கிச் சோதிப்பது நன்று. முதலிற் பழுதாவது அங்கேதான்.