ஸ்பெயின்ல கரன்ட் போச்சு!

‘ஃபாரின்ல எல்லாம் கரன்ட்டே போகாதாமே!’னு யாராவது உங்ககிட்ட பெருமையா சொன்னா, அவங்களை நேரா என்கிட்ட அனுப்பி வைங்க. 2025 ஏப்ரல் 28, மதியம் 12.33. ஸ்பெயின், போர்ச்சுகல்னு ரெண்டு நாடும் ஒரே நேரத்துல இருட்டாகுறப்போ, மாட்ரிட் நகரத்துல கையில பாதி சாண்ட்விச்சோட நின்னுட்டு இருந்த டிரிபிள் ஈ ஸ்டூடன்ட் நான்தான்!

கொஞ்சம் முன்னாடியிலிருந்து வர்றேன். ஆறாவது செமஸ்டரை எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல ஸ்பெயினோட வாலென்சியா நகரத்துல படிக்கிற சான்ஸ் கிடைச்சுது. ஸ்காலர்ஷிப்தான். இல்லேன்னா மன்னார்குடி பக்கத்துல இருந்து கிளம்பின எனக்கு ஐரோப்பாவெல்லாம் டி.வி-யிலதான். அங்கே ஈஸ்டருக்கு ஏப்ரல் 17-லேருந்து 28 வரைக்கும் லீவு. நம்ம ஊர்ல பொங்கலுக்குக்கூட இத்தனை நாள் விட மாட்டாங்க. விடுவோமா? நானும் ரூம்மேட் மலையாளப் பொண்ணும் சேமிச்சு வெச்சிருந்த யூரோவை எண்ணிப் பார்த்தோம். ரெண்டு தடவை எண்ணியும் அதே தொகைதான் வந்துச்சு. ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு செவிய்யா கிளம்பிட்டோம். ராத்திரி பஸ்ஸுல போனா ஒருநாள் ஹாஸ்டல் வாடகை மிச்சம். இது உங்களுக்கும் உதவும், குறிச்சு வெச்சுக்கங்க.

செவிய்யா ஊர் முழுக்க ஆரஞ்சு மரம். தெருவோரத்துல வேப்பமரம் மாதிரி வரிசையா நிக்குது. ஏப்ரல்ல பூ வாசனை ஆளைத் தூக்குது. யாரும் பழத்தைப் பறிக்கலையேனு ஆசையா ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். நார்த்தங்காய்! ஊறுகாய் போடத்தான் லாயக்கு. பக்கத்துல இருந்த தாத்தா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

ஆனா அந்த ஊருக்குப் போனது பெரிய வியாழன் ராத்திரிக்காக. விடிய விடிய ஊர்வலம். கூம்புத் தொப்பி போட்டு முகத்தை மூடிக்கிட்டு வரிசையா மெழுகுவர்த்தியோட நடக்குறாங்க. பின்னாடி மாதா சொரூபம் வெச்ச சப்பரம். வேளாங்கண்ணி தேரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எதுவும் புதுசு இல்லைனு நினைச்சேன். அப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன், சப்பரத்துக்குச் சக்கரம் கிடையாது. தூக்குற ஆளுங்களும் வெளியே தெரியலை. சுத்தித் தொங்குற துணிக்குள்ளே முப்பது, நாப்பது பேர் இருக்காங்க. ஒரு டன்னுக்கு மேல வெயிட். அதைத் தோள்ல வாங்குறதில்லை, பிடரியில வாங்குறாங்க. முன்னாடி ஒருத்தர் சின்னச் சுத்தியலால தட்டினதும் எல்லாரும் ஒரே எம்பு. சப்பரம் துள்ளி எழுந்து நிக்குது, கூட்டம் கை தட்டுது. உள்ளே இருக்கறவங்களுக்கு வெளியே என்ன நடக்குதுன்னே தெரியாது. துணிக்குக் கீழே அவங்க காலு மட்டும்தான் நமக்குத் தெரியும்.

அடுத்து கோர்டோபா. அங்கே இருக்கும்போதுதான் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்துச்சு. டீக்கடை மாதிரி ஒரு சின்ன பார்ல எல்லாரும் கிளாஸை வெச்சுட்டு டி.வி-யையே பார்த்துட்டு இருந்தாங்க. அந்த ஊர் மசூதியில எண்ணூத்தம்பதுக்கு மேல தூண்கள், அதுக்கு நடுவுல பதினாறாம் நூற்றாண்டுல கட்டின ஒரு தேவாலயம். அதைப் பத்தி எழுதினா இந்த இதழ் பத்தாது. அதனால விட்டுடறேன்.

கோர்டோபா ஹாஸ்டல்ல ஒரு அர்ஜென்டினாப் பொண்ணு பேச்சுவாக்குல, “உங்கப்பா என்ன பண்றார்?”னு கேட்டுச்சு. “எலெக்ட்ரிகல் இன்ஜினீயர்”னு சொன்னேன். பொய். எங்கப்பா ஈ.பி. லைன்மேன்.

எங்கப்பாவைப் பத்தி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். ஹெல்பரா சேர்ந்து, வயர்மேன் ஆகி, லைன்மேன் ஆனவர். எங்க வீட்டு போன் எங்களுக்கானது இல்லை. தெருவுல கரன்ட் போனா அதுக்குத்தான் முதல் கால். “எப்ப வரும்?”னு ஆரம்பிக்கும், சில நேரம் கெட்ட வார்த்தையில முடியும். போனை எடுக்குறது பெரும்பாலும் நான்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ எனக்கு பதிமூணு வயசு. டெல்டாவுல ஒரு லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சு போச்சு. அப்பா இருபத்திரெண்டு நாள் வீட்டுக்கு வரலை. எங்க தெருவுக்கும் கரன்ட் இல்லை. ‘லைன்மேன் வீட்டுக்கே கரன்ட் இல்லையாம்டா’னு ஸ்கூல்ல ஒரே சிரிப்பு. சேத்து வயல்ல கம்பத்தைத் தோள்ல சுமந்துட்டுப் போற அப்பாவோட படம் யாரோ ஒருத்தர் செல்போன்ல இருந்துச்சு. அது அப்பா இல்லைனு சொல்லிட்டேன்.

இந்த லட்சணத்துல என்னை டிரிபிள் ஈ-யில சேர்த்துவிட்டவரும் அவர்தான். நான் கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ். “ஏ.இ. பரீட்சை எழுதி ஆபீஸரா வாம்மா”ங்கறது அவரோட ஆசை. எனக்கோ ஏதாவது ஒரு ஐ.டி. கம்பெனி கேட்டுக்குள்ளே நுழைஞ்சா போதும். கிரனாடாவுல இருக்கும்போது போன்ல அந்தப் பேச்சு வந்துச்சு. “நானும் உங்களை மாதிரி கம்பத்துல ஏறி நாலு பேர்கிட்ட திட்டு வாங்கணுமா?”னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, வெக்கிறேம்மா”ன்னார். அதோட நாலு நாள் பேசலை.

கிரனாடாவுல அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்தேன். டிக்கெட்டை ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடணும், பாஸ்போர்ட் காட்டணும். பன்னிரண்டு சிங்கம் தாங்குற நீரூற்று, வாய்க்கால், குளம்னு எங்கே திரும்பினாலும் தண்ணிச் சத்தம். மோட்டார் இல்லாத காலத்துல, மேலே தள்ளி ஆத்துல மடை கட்டி, சரிவுலேயே தண்ணியை வாய்க்கால்ல ஓடவிட்டு அரண்மனைக்குக் கொண்டு வந்திருக்காங்க. மத்த நேரமா இருந்தா குதிச்சிருப்பேன். அன்னைக்கு ஓரமா ஒரு கல்லுல உட்கார்ந்து போனையே பார்த்துட்டு இருந்தேன்.

இப்ப மாட்ரிட். ரூம்மேட் பார்சலோனா போய்ட்டா, நான் தனி. திங்கள் காலையில பிக்காஸோவோட ‘குவெர்னிகா’வைப் பார்த்தேன். எட்டு மீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. அந்தக் குதிரை வாய்க்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பை வரைஞ்சு வெச்சிருக்கார். அப்புறம் வெளியே வந்து ஒரு சாண்ட்விச் வாங்கினேன். மெஷின்ல கார்டை வெச்சேன். டப்!

ஃபியூஸ் போயிருக்கும்னுதான் எல்லாரும் நினைச்சோம். கடைக்காரர் வெளியே போய்ப் பார்த்தார். எதிர்க்கடை, பக்கத்துக் கடை எதுலயும் லைட் இல்லை. சிக்னல் அணைஞ்சு கிடக்கு. மெட்ரோ ஸ்டேஷன்லேருந்து ஜனங்க திபுதிபுனு மேலே ஏறி வர்றாங்க. ‘சைபர் அட்டாக்’னு ஒருத்தர், ‘பிரான்ஸ்லயும் போச்சாம்’னு இன்னொருத்தர். கொஞ்ச நேரத்துல செல்போன் டவரும் படுத்துருச்சு. அதுக்கு முன்னாடி அவசரமா அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அடிச்சேன்: ‘இங்க நாடு முழுக்க கரன்ட் போச்சுப்பா.’ டிக் விழவே இல்லை. கடிகார முள் படம் மட்டும்.

பர்ஸ்ல பதினாலு யூரோ. கார்டு செல்லாது. சாயந்திரம் 4 மணிக்கு வாலென்சியாவுக்கு டிரெயின், அது கிளம்புற சமார்ட்டின் ஸ்டேஷனோ ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி. நடந்தேன். நான் மட்டும் இல்லை, மாட்ரிட்டே நடந்துச்சு. ஹைஹீல்ஸைக் கழட்டிக் கையில பிடிச்சிருந்த ஆபீஸ் அம்மா, குழந்தையைத் தோள்ல வெச்ச அப்பா, நடு ரோட்டுல நின்னு கை காட்டி டிராஃபிக்கைச் சரி பண்ற காலேஜ் பையன்... யாரும் பெருசா பதறலை. பார் வாசல்ல ‘ஐஸ் உருகுறதுக்குள்ளே குடிங்கப்பா’ங்கற மாதிரி ஒரு கூட்டம். சீனக்காரங்க நடத்துற சின்ன பஜார் கடைகள்ல மெழுகுவர்த்திக்கும் டிரான்சிஸ்டருக்கும் க்யூ. என் முறை வர்றப்போ ரேடியோ காலி. தண்ணியும் பிஸ்கட்டும் வாங்கிக்கிட்டேன்.

ஸ்டேஷனை மூடி ஆளுங்களை வெளியே அனுப்பிட்டு இருந்தாங்க. எந்த டிரெயினும் இல்லை. நடுவழியில, வயக்காட்டுல நின்ன டிரெயின்கள்ல மட்டும் 35 ஆயிரம் பேர் மாட்டிக்கிட்டாங்கனு பின்னாடி தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு பெஞ்ச். அதுல ஒரு பாட்டி, மடியில டிரான்சிஸ்டர். சுத்தி இருபது பேர். நான் புரியாம முழிச்சதைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஸ்பானிஷ்ல சொன்னாங்க. அஞ்சே செகண்ட்ல 15 ஜிகாவாட் காணாமப் போச்சாம். அந்த நேரத்துல நாடு இழுத்துட்டு இருந்த கரன்ட்டுல 60 சதவிகிதம்!

இங்கேதான் என் டிரிபிள் ஈ மூளை முழிச்சுது. சிலபஸ்ல படிச்சு, மனப்பாடம் பண்ணி, பரீட்சையில எழுதி, மறந்த விஷயம் எல்லாம் எழுந்து நிக்குது. உங்களுக்குச் சிம்பிளா சொல்றேன். வோல்டேஜ் குறைஞ்சா பிரச்னைனு நமக்குத் தெரியும். வீட்டுல ஃபேன் ஆமை மாதிரி சுத்தும். அன்னைக்கு நடந்தது நேர் எதிர், வோல்டேஜ் ஏறிப்போச்சு. அளவுக்கு மேல ஏறினா, மெஷின் எரியாம இருக்க மின் நிலையங்கள் தானாவே கழண்டுக்கும். அப்படி ஒவ்வொண்ணா கழண்டதுல வோல்டேஜ் இன்னும் ஏறி, அடுத்தது கழண்டு, அதுக்கடுத்தது... சீட்டுக்கட்டு மாதிரி. இப்படி ஓவர் வோல்டேஜே சங்கிலியா பரவி ஒரு கிரிட் மொத்தமா விழுந்தது ஐரோப்பாவுல இதுதான் முதல் தடவைனு அப்புறம் ஆராய்ச்சி பண்ணின நிபுணர் குழு சொல்லியிருக்கு. இதையெல்லாம் அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லலை. பெஞ்ச் ஓரத்துல உட்கார்ந்து, விழுந்த கிரிட்டை எப்படி எழுப்புவாங்கனு மட்டும் யோசிச்சுட்டு இருந்தேன். எழுப்புறதுக்கே கரன்ட் வேணுமே?

ஒன்பது மணிக்கு மேல இருட்டிடுச்சு. அவ்வளவு பெரிய ஊருல கார் வெளிச்சம் மட்டும்தான். பாட்டி கிளம்பறப்போ என் கையில ஒரு வாழைப்பழத்தைத் திணிச்சுட்டுப் போனாங்க. போன்ல 9 சதவிகிதம். மெசேஜுக்கு இன்னும் டிக் இல்லை. ‘கம்பத்துல ஏறணுமா’ங்கறதுதான் அப்பாகிட்ட நான் கடைசியா பேசினதுனு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. ஒண்ணும் ஆகாதுனு தெரியும். இருந்தாலும் இருட்டுல உட்கார்ந்தா அப்படித்தான் ஓடுது.

பத்தே கால் இருக்கும். தூரத்துல ஒரு தெருவுல ஜன்னல் வரிசையா பளிச்னு எரிஞ்சுது. ஊரே ‘ஓ...’னு கத்தி கை தட்டுச்சு. சத்தியமா நம்ம ஊர் ‘ஹே... கரன்ட் வந்துருச்சு!’ அதேதான். எனக்குக் கண்ணுல தண்ணி. எங்கேயோ ஒருத்தர் இன்னைக்கு முழுக்க திட்டு வாங்கியிருப்பார், அவர் வீட்டுல ஒரு பொண்ணு போனை எடுத்திருக்கும்.

டவர் வந்ததும் கூப்பிட்டேன். ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கம். முதல் ரிங்லேயே எடுத்தார்.

“அப்பா...”

“மொத்த கிரிட்டுமா போச்சு? 2012-ல வடக்கே போச்சே, அந்த மாதிரியா?”

நல்லாயிருக்கியானு கேக்கலை. முதல் கேள்வியே இதுதான்! (2012 ஜூலை 31-ல வட இந்தியாவுல 60 கோடி பேருக்கு மேல கரன்ட் இல்லாம போச்சு. அப்போ நம்ம தென் மாநில கிரிட் அவங்களோட இணைஞ்சு ஓடலை, அதனால தப்பிச்சோம். 2013 கடைசியிலதான் இணைச்சாங்க.)

“ஆமாப்பா. பிரான்ஸ்லேருந்தும் மொராக்கோவுலேருந்தும் லைன் எடுத்து வர்றாங்களாம். டேம்ல இருக்கற மெஷினை முதல்ல ஓட்டறாங்களாம்.”

“அதான் சரி. தண்ணி கரன்ட்தான் வெளி உதவி இல்லாம முதல்ல எந்திரிக்கும். ஒரேயடியா எல்லாருக்கும் குடுத்தா மறுபடி விழுந்துரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் லோடு ஏத்தணும். பொறுமையா இருக்கணும், அங்கயும் ஜனங்க திட்டுவாங்க.”

“இங்க கை தட்டுறாங்கப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சாப்ட்டியா?”

“வாழைப்பழம். அப்பா, அன்னைக்கு நான்...”

“சார்ஜ் இருக்கா பாரு. பெஞ்ச்ல தூங்காதே, பையைத் தலைக்கு வெச்சுக்க. வெக்கிறேன்.”

ஸ்டேஷனை மறுபடி திறந்துவிட்டாங்க, ராத்திரி அங்கேயே தரையில படுத்தேன். அடுத்த நாள் காலை 7 மணிக்குள்ளே 99 சதவிகிதத்துக்கு மேல கரன்ட் திரும்பிடுச்சு. எனக்கு டிரெயின் கிடைக்க மதியம் தாண்டிருச்சு.

ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி வாலென்சியாவுல ஒன்பது யூரோ குடுத்து ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கினேன். அப்பா அதை வேலைப் பையில, கட்டிங் பிளேயர் பக்கத்துல வெச்சிருக்கார். திருச்சி ஸ்டேஷன் நல்லா எடுக்குதாம். நான் ஐ.டி. கம்பெனி டெஸ்ட்டும் எழுதியிருக்கேன், ஏ.இ. பரீட்சை கைடும் வாங்கியிருக்கேன். ரெண்டுல எதுனு மட்டும் கேட்காதீங்க, அப்பாவே இன்னும் கேட்கலை.