கிரிப்பெயில் ஓர் இடம்

"சேர், அந்தக் குழந்தைக்கு கிரிப்பெயில எப்பிடி இடம் கிடைச்சது?"

டோர்ட்முண்டில் சனிக்கிழமை காலை நடக்கும் தமிழ் வகுப்பில் ஆறு வயதுக்காரி ஒருத்தி கேட்ட கேள்வி இது. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஜெர்மன் மொழியில் கிரிப்பெ என்றால் மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி. இயேசுவைப் பிறந்ததும் கிடத்திய முன்னணை அதுதான். நம்மூரில் குடில் வைக்கிறோமே, அதற்கும் இங்கே அதே பெயர். ஆனால் இங்கு வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் வேறு: மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் காப்பகம். 2013 ஆகஸ்டிலிருந்து, ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. உரிமை உண்டு, இடம்தான் கிடையாது. என் மகளுக்காகப் பதினொரு காப்பகங்களில் பதிந்து, எக்ஸெல் ஷீட் போட்டு, வாராவாரம் போன் அடித்து, கடைசியில் இடம் கிடைத்தபோது அவளுக்கு இரண்டேகால் வயது. சத்திரத்திலேயே இடம் கிடைக்காத வெளியூர்க்காரர்களுக்கு கிரிப்பெயில் மட்டும் எப்படிக் கிடைத்தது? லாஜிக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான் அங்கே கிறிஸ்துமஸ் நடத்தப் போனதே ஒரு விபத்துதான். நாகர்கோவில்காரன், இந்து. வகுப்பில் பத்துப் பிள்ளைகள், எல்லோரும் ஈழத்துக் குடும்பங்கள். ஏழு பேர் சைவம், மூன்று பேர் கத்தோலிக்கம். "நத்தாரைப் பற்றி ஒருக்கா சொல்லிக் குடுங்கோவன்" என்று பொறுப்பாளர் அக்கா கேட்டதும் தலையாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டில் பிரவுன் பேப்பரைக் கசக்கி மலை செய்து, வைக்கோல் பரப்பி, சீரியல் பல்பு சுற்றி வளர்ந்தவன் நான். கேரல் ரவுண்ட்ஸில் தாத்தா முகமூடிக்குள் வேர்த்து ஊற்ற ஆடியவனும்கூட. இதைச் சொல்லிக்கொடுக்க என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

"கிறிஸ்துமஸ்னா என்ன?" என்று கேட்டேன்.

பரிசு என்றார்கள். எப்போது என்ன வரும் என்பது அத்துப்படி. டிசம்பர் 5 ராத்திரி பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால், காலையில் நிக்கோலஸ் அதில் சாக்லெட், ஆரஞ்சு, கொட்டைகள் போட்டிருப்பார். பெரிய பரிசு 24 சாயங்காலம். ஆனால் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் எல்லோர் குரலிலும் அவரவர் அம்மாவின் சாயல்.

அப்போது ஒரு பையன் கேட்டான். "வவுனியாவில என்ர மச்சானுக்கு நிக்கோலஸ் ஒண்டும் வைக்கிறேல்லயாம். அவன் குழப்படியோ?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கணக்கு சரி. நல்ல பிள்ளைக்குத்தான் பரிசு என்றால், பரிசு வராதவன் கெட்ட பிள்ளை. அதை அவனுக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். நானும் யோக்கியன் இல்லை. நவம்பர் பிறந்தால் போதும், "நிக்கோலஸ் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கார்" என்று மகளைப் பயமுறுத்திப் பல் விளக்க வைக்கிறவன்தான். வீட்டுக்கு ஓர் இலவச சிசிடிவி.

அதே நவம்பர் 11 அன்று லாந்தர் விளக்கோடு இந்தப் பிள்ளைகள் தெருவில் ஊர்வலம் போகிறார்கள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதி கொடுத்த மார்ட்டினுக்காக. மார்ட்டின் அந்த ஆளிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. இதைச் சொன்னேன். "ஏன் பாதி மட்டும் குடுத்தவர்?" என்றாள் முன்வரிசைக்காரி. மார்ட்டினுக்கும் குளிரும் என்றேன். சரி என்று ஏற்றுக்கொண்டாள். மச்சான் கெட்டவன் இல்லை, நிக்கோலஸின் ரூட்டில் வவுனியா இல்லை என்று அந்தப் பையனிடம் சொன்னேன். அரைகுறைப் பதில். அவன் முழுதாக நம்பவில்லை.

பிறகுதான் கதைக்குள் போனேன். குடிக்கணக்கு எடுக்க ராஜா கட்டளை போட்டது, நிறைமாத மரியாள் நாசரேத்திலிருந்து பெத்லகேம் போனது, சத்திரத்தில் இடமில்லாதது, முன்னணை. கிரிப்பெ கேள்வி வந்தது அங்கேதான். தீனித் தொட்டி என்று விளக்கினேன். படம் வரைந்துகொண்டு வரச் சொல்லி வகுப்பை முடித்தேன்.

கேள்வி கேட்டவளைக் கூட்டிப்போக அவள் அம்மம்மா வந்திருந்தார். பேத்தி படியிறங்குவதற்குள் முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டாள். சத்திரக்காரன் கெட்டவன் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். உண்மையில் லூக்கா எழுதியதில் சத்திரக்காரன் என்று ஓர் ஆளே கிடையாது, நாடகம் போடுகிறவர்கள் சேர்த்ததுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மம்மா முந்திக்கொண்டார்.

"இவளின்ர அம்மா அப்ப என்ர வயித்துக்குள்ள, தம்பி."

1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே ராத்திரியில் சனம் முழுக்க நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது. மழை. சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே நாற்பது பேர்.

"இடமில்லை எண்டுதான் அவையும் சொன்னவை. பொய்யில்லை, இடமில்லைத்தான். பிறகு விறாந்தையில இருந்த ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமா அரக்கி இருந்தவை."

மூன்றாம் நாள் அந்த விறாந்தையில் குழந்தை பிறந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லிக்கொண்டே பேத்தியின் ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிட்டார். ப்ளூ கார்டோடு விமானத்தில் வந்து இறங்கியவன் நான். பதினொரு காப்பகக் கதையை ஒரு பெரும் துயரமாக இந்த அம்மாவிடமே போன மாதம் சொல்லியிருந்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் படத்தோடு வந்தார்கள். மாடு, கழுதை, நட்சத்திரம், மூன்று ராஜாக்கள். ஒரு படத்தில் பரிசுப் பொட்டலங்களும் இருந்தன. அவளுடைய தாளில் தொழுவமே இல்லை. ஒரு நீளமான விறாந்தை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலைகள், தலைகள். மேலே நட்சத்திரத்துக்குக்கூட இடம் விடவில்லை.

"குழந்தை எங்கம்மா?" என்று கேட்டேன்.

"உள்ளுக்க படுத்திருக்கு. ஆக்கள் மறைக்கினம், சேர்."